மரை கழல மறுக்கும்போது

கல்யாண மண்டபம். முகூர்த்தத்துக்கு இன்னும் பத்து நிமிடம். வெளியே வெயிலில் மணமக்களைப் படமெடுத்துவிட்டு வந்த கேமராக்காரர், லென்ஸில் மாட்டிய போலரைசர் ஃபில்டரைக் கழற்றப் பார்க்கிறார். அதோடு உள்ளே போனால் வெளிச்சத்தில் பாதியாவது வீணாகும். திருகுகிறார். சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, கழலத்தான் காணோம். உதவியாளர் முயல்கிறார். “இப்படிக் கொடுங்க தம்பி” என்று பெண்ணின் தாய்மாமனும் கை நீட்டுகிறார். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறந்தே பழகிய அந்தக் கையின் பிடியில் ஃபில்டர் இன்னும் இறுகுகிறது.

மரை கழன்றவர்களைப் பற்றி ஊரில் ஆயிரம் கதை உண்டு. மரை கழலாத கதை கேமரா வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும்.

இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வருகிறது? லென்ஸின் முகப்பில் ‘77’ என்று போட்டிருந்தால், ஃபில்டர் மாட்டும் வாயின் விட்டம் 77 மில்லிமீட்டர். இந்த அளவுகளில் மரை மிகவும் நெருக்கமானது. ஒரு முழுச் சுற்றுக்கு ஃபில்டர் உள்ளே நகர்வது வெறும் 0.75 மில்லிமீட்டர். அந்த ஒரு சுற்றில் விளிம்பைப் பிடித்த விரல் பயணிக்கும் தூரமோ ஏறக்குறைய 24 சென்டிமீட்டர். ஏறுவதே தெரியாத சரிவுப்பாதை அது. மாட்டும்போது விரலால் கொடுத்த சின்ன அழுத்தம், மரைக்குள் பல மடங்காகப் பெருகி உட்கார்ந்துவிடுகிறது. வளையமும் அலுமினியம், லென்ஸின் வாயும் அலுமினியம் என்றால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பித்தளை வளையம் இவ்வளவு படுத்தாது, விலைதான் கூடுதல். கடற்கரைப் படப்பிடிப்பில் உப்பும் மணலும் மரைக்குள் புகுந்தால் பிடி இன்னும் பலமாகும்.

தாய்மாமன் தோற்ற இடம் இனிதான் வருகிறது. ஃபில்டர் வளையம் மெல்லியது. கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் இரண்டு பக்கம் அழுத்தினால் வட்டம் நசுங்கி முட்டை வடிவமாகிறது. நசுங்காத பக்கங்கள் பிதுங்கி லென்ஸின் மரையில் போய் முட்டுகின்றன. எவ்வளவு பலமாகப் பிடிக்கிறோமோ அவ்வளவு பலமாக அதுவும் பிடித்துக்கொள்கிறது. வளையத்தைச் சுற்றிலும் ஒரே சீராகப் பிடிப்பதுதான் வழி.

அதற்கான கருவி மண்டபத்திலேயே இருக்கிறது, மொய் எழுதும் மேசையில். நோட்டுக்கட்டில் போடும் ரப்பர் பேண்ட்! பட்டையானதாக ஒன்றை வளையத்தைச் சுற்றி இறுக்கிப் போட்டு, ஐந்து விரலையும் பரப்பி, லேசாகப் பிடித்துத் திருப்ப வேண்டும். லென்ஸின் முகம் நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். போலரைசரில் மட்டும் ஒரு சூட்சுமம்: அதில் இரண்டு வளையங்கள். முன்வளையம் சுற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. அதைப் பிடித்தால் முகூர்த்தம் முடிந்தும் சுற்றிக்கொண்டிருக்கலாம். லென்ஸை ஒட்டியிருக்கும் மெல்லிய பின்வளையத்தில் ரப்பர் பேண்ட் உட்கார வேண்டும்.

சாதாரண யு.வி. ஃபில்டர் என்றால் மண்டப வாசலே போதும். தட்டையான ரப்பர் செருப்பு ஒன்றைக் கழுவித் துடைத்து, அடிப்பாகத்தை ஃபில்டரின் முகத்தில் சமமாக வைத்து, மெல்ல அழுத்தித் திருப்பினால் விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் பிடிபடும். மணல் ஒட்டியிருந்தால் கண்ணாடியில் கீறல் விழும், அதனால்தான் கழுவுவது. வீட்டில் மவுஸ் பேடும் இதே வேலையைச் செய்யும். ஃபில்டர் ரெஞ்ச் என்று கடையில் விற்கும் பிளாஸ்டிக் கவ்விகள் இரண்டை எப்போதும் பையில் வைத்திருப்பவர் பாக்கியசாலி. எதைக் கொண்டு திருப்பினாலும் இன்னொரு கை லென்ஸின் முன்பக்க உடலைப் பிடித்திருக்கட்டும். ஃபோகஸ் வளையத்தைப் பிடித்து முறுக்கினால் அந்த விசை உள்ளே இருக்கும் நுட்பமான பற்சக்கரங்களுக்குப் போய்ச்சேரும்.

விரலில் சிக்கிய மோதிரத்துக்கு எண்ணெய் போடும் நம் வீட்டு வைத்தியம் இங்கே உதவாது. எண்ணெய் ஊர்ந்து உள்கண்ணாடியிலும் துவாரத் தகடுகளிலும் படிந்தால் ஃபில்டர் கழன்ற பிறகு லென்ஸைப் பிரிக்க வேண்டிவரும். ஃப்ரீசரும் வேண்டாம். குளிரில் இரண்டு அலுமினியமும் சேர்ந்தே சுருங்கும். பித்தளை வளையமென்றால் அதைச் சூழ்ந்திருக்கும் அலுமினியம் கூடுதலாகச் சுருங்கி இன்னும் நெருக்கும். வெளியே எடுத்ததும் நம் ஊர் ஈரக்காற்று லென்ஸில் வியர்த்து நிற்கும்.

கீழே விழுந்து வளையமே நெளிந்துபோனால் ரப்பர் பேண்டால் ஆவதில்லை. வளையத்தை ரம்பத்தால் அறுத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். உலோகத்தூளும் கண்ணாடிச் சில்லும் லென்ஸில் விழாமல் அதைச் செய்ய, பழகிய மெக்கானிக்கின் கை வேண்டும்.

மண்டபத்தில் மொய் மேசைக்காரர் ரப்பர் பேண்டைக் கொடுத்துவிட்டார். கால் சுற்றுக்குள் ஃபில்டர் இளகிவிட்டது. அடுத்த முறை மாட்டும் முன் மரையில் பென்சில் முனையை ஒரு சுற்று தேய்த்தால், அதன் கிராஃபைட் வழுக்கலுக்கு உதவும். இப்போதைக்கு நேரமில்லை. கெட்டிமேளம் தொடங்கிவிட்டது.