கதவில் ஒட்டிய படம்: கதைமாந்தரின் மனநிலையும் நிழற்பட உருவகமும்

மனத்தின் நிலை கண்ணுக்குப் புலப்படாதது. அதனைப் புலப்படுத்தப் புனைகதையாசிரியர் புறப்பொருள் ஒன்றைத் துணைக்கு அழைக்கிறார். அத்தகைய பொருள்களுள் நிழற்படத்திற்குத் தனியிடம் உண்டு. 'அவள் துயருற்றாள்' என்று எழுதுவதைவிட, 'சுவரில் தொங்கிய படத்தை அவள் மீண்டும் துடைத்தாள்' என்று எழுதுவது ஆழமாகத் தைக்கிறது. இதன் காரணத்தை இங்கு ஆராய்வோம்.

அரபு அணியிலக்கணம் உருவகத்தை 'இஸ்திஆரா' என்கிறது. இரவல் பெறுதல் என்பது அதன் பொருள். ஹிஜ்ரி 471இல் (கி.பி. 1078) மறைந்த அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானி 'அஸ்ராருல் பலாகா' எனும் நூலில் இதனை விரிவாக ஆய்ந்துள்ளார். இரவல் கொள்ளும் பொருளுக்கும் கொடுக்கும் பொருளுக்கும் இடையே பொதுத்தன்மை ஒன்று இருந்தாக வேண்டும். தொல்காப்பியர் கூறும் உள்ளுறை உவமமோ வெளிப்பட ஒப்பிடாமல், புறக்காட்சிக்குள் அகப்பொருளை வைத்துச் செல்வது. கதையில் வரும் படம் இவ்விரண்டிற்கும் உறவுடையது.

நிழற்படத்திற்கும் மனத்திற்கும் உள்ள பொதுத்தன்மைகள் மூன்று எனலாம். படம் ஒரு கணத்தை நிறுத்தி வைக்கிறது. பிரிவாற்றாத மனமும் ஒரு கணத்திலேயே நின்றுவிடுகிறது. படத்தின் சட்டம் சிலவற்றை உள்ளே வைத்துப் பலவற்றை வெளியே தள்ளுகிறது. ஏங்கும் மனமும் தான் விரும்பியதை மட்டுமே காண்கிறது. படம் நாளடைவில் மங்குகிறது, நினைவும் அவ்வாறே.

முதல் தன்மைக்குத் தக்க சான்று, தாகூர் 1901இல் எழுதிய 'நஷ்டநீட்' கதையை ஒட்டி சத்யஜித் ராய் 1964இல் எடுத்த 'சாருலதா' திரைப்படம். மனம் முறிந்த கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் நோக்கிக் கைநீட்டுகின்றனர். கைகள் சேருமுன் அசையும் திரை அசையாப் படமாக உறைந்துவிடுகிறது. இணையவும் இயலாத, விலகவும் இயலாத இரு மனங்களின் நிலையை அந்த உறைவே சொல்லிவிடுகிறது.

நம் மண்ணிலும் சான்று உண்டு. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடி, சாத்தூர்ப் பகுதியைச் சூழ்ந்திருப்பது கரிசல் பூமி. கோவில்பட்டிக்கு அருகே உள்ள இடைசெவலில் பிறந்தவர் கி. ராஜநாராயணன். 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவர் 2021இல் மறைந்தார். அவருடைய 'கதவு' சிறுகதையில், வறிய வீட்டுப் பிள்ளைகள் தெருவில் கிடைத்த தீப்பெட்டிப் படமொன்றைத் துடைத்துத் தம் வீட்டுக் கதவில் ஒட்டி மகிழ்கின்றனர். பின்னர் தீர்வை பாக்கிக்காக அக்கதவே பறிபோகிறது. கதவில்லாத வீட்டில் குளிர்காற்று புகுந்து, கைக்குழந்தை இறந்துபோகிறது.

1923இல் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், இவ்வட்டாரத்து ஏழைச் சிறுவர்க்குக் காசின்றிக் கிடைத்த படங்களைத் தந்தது. தீப்பெட்டிப் படம் நிழற்படம் அன்று, இவ்வேறுபாடு கருதத்தக்கது. நிழற்படம் 'இவர் இருந்தார்' என்று சாட்சி கூறுவதால் இழப்பிற்கும் ஏக்கத்திற்கும் பொருந்துகிறது. அச்சுப்படமோ எவருடைய நினைவையும் சுமப்பதில்லை. ஆதலால் அதனைத் தமதாக்கிக் கொள்ளும் குழந்தைகளின் ஆசையை ஏற்க அது இடமளிக்கிறது. அப்பிள்ளைகள் ஒட்டியது காகிதம் மட்டுமன்று, 'இது எங்கள் வீடு' என்னும் உரிமையுணர்வும்தான். எனவே கதவு பெயர்க்கப்படும்போது மரப்பலகையோடு அவ்வுணர்வும் சேர்ந்தே பெயர்க்கப்படுகிறது. ஆசிரியர் இதனை விளக்குவதில்லை. விளக்கியிருந்தால் உள்ளுறை கலைந்திருக்கும்.

இங்கு எழுதுவோர்க்கு ஓர் எச்சரிக்கை உண்டு. அழும் பாத்திரத்தின் கையில் படத்தைக் கொடுப்பதனால் மட்டும் உருவகம் பிறந்துவிடாது. படத்தை நீக்கினாலும் கதை குறைவின்றி நிற்குமாயின் அப்படம் வெறும் அலங்காரமே. நீக்கியவுடன் ஒரு மனம் நம் பார்வையிலிருந்து மறைந்துபோகுமாயின், இரவல் முறையாகப் பெறப்பட்டது என்று கொள்ளலாம்.