ஒற்றைக்கால் ஓட்டம்

ஓட ஆரம்பித்துச் சில மாதங்களில் பலருக்கு அடிமுதுகில், ஒரு பக்கத்தில் மட்டும், வலி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஓடும்போது தலைகாட்டும், நின்றால் அடங்கும். விசாரித்தால் "இடுப்பு பிசகியிருக்கு" என்பார் ஒருவர். "ஒரு கால் குட்டை, ஷூவுக்குள்ள அட்டை வைக்கணும்" என்பார் இன்னொருவர். படுக்கவைத்து, காலை இழுத்து, 'மடக்' என்று சத்தம் வந்ததும் சரியாகிவிட்டது என்று அனுப்பிவைப்பவர்களும் உண்டு. இரண்டு நாள் சுகமாக இருக்கும். மறுபடி ஓடினால் அதே இடம், அதே வலி.

இடுப்பெலும்பு அவ்வளவு எளிதில் இடம் மாறுவதில்லை. முதுகெலும்பின் அடியில் இருக்கும் திரிக எலும்பு, இரு பக்க இடுப்பெலும்புகளோடும் மிகக் கெட்டியான தசைநார்களால் கட்டப்பட்டிருக்கிறது. அந்த மூட்டின் அசைவே சில டிகிரிதான், ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். கீழே விழுந்தோ விபத்திலோ பலத்த அடி பட்டாலொழிய அது பிசகாது. கையால் தொட்டுப் பார்த்து "இந்தப் பக்கம் ஏறியிருக்கு" என்று சொல்லும் சோதனையும் நம்பகமானதல்ல. ஒரே ஆளை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு விதமாகச் சொல்வது சகஜம். சொடுக்கெடுக்கும் சத்தம் மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியால் வருவது. இறுகிய தசை கொஞ்ச நேரம் தளர்வதால் சுகம் தெரிகிறது, அவ்வளவே.

கால்களின் நீளத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசம் பெரும்பாலோருக்கு உண்டு. ஓட்டப்பந்தய வீரர் உசேன் போல்ட்டுக்கோ முதுகெலும்பே பக்கவாட்டில் வளைந்தது, 'ஸ்கோலியோசிஸ்' என்பார்கள். அவருடைய வலது கால் இடது காலைவிட சுமார் அரை அங்குலம் குட்டை. அமெரிக்காவின் சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர் ஓடிய ஒரு 100 மீட்டர் பந்தயத்தின் வீடியோவை அடி அடியாக அலசினார்கள். வலது கால் இடது காலைவிட சுமார் 13 சதவீதம் கூடுதல் விசையோடு தரையில் மோதியது. இடது காலோ 14 சதவீதம் கூடுதல் நேரம் தரையில் இருந்தது. இந்தச் சமனில்லாத உடலோடுதான் 2009-ல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியிலும் 200 மீட்டரை 19.19 விநாடியிலும் ஓடினார். அதற்கு முன் அவர் பட்ட பாடும் கொஞ்சமல்ல. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் காயத்தோடு ஓடி முதல் சுற்றிலேயே வெளியேறினார். பிறகு பயிற்சியாளர் கிளென் மில்ஸிடம் சேர்ந்தார். முதுகெலும்பின் வளைவு நிமிரவில்லை. முதுகையும் வயிற்றையும் பலமாக வைத்திருக்கும்வரை அது தன்னைத் தொந்தரவு செய்வதில்லை என்று போல்ட்டே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

வலி வந்தவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: கோணலை நிமிர்த்தக் காசு செலவழிக்காதீர்கள், தாங்கும் பலத்தைச் சேருங்கள். நடக்கும்போது இரண்டு காலும் தரையில் இருக்கும் நேரம் உண்டு. ஓட்டத்தில் அது கிடையாது. ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை ஒற்றைக் காலில் இறங்குகிறது. அந்த நேரத்தில் இடுப்பு சரியாமல் பிடித்துக்கொள்ளும் முக்கியத் தசை, பிட்டத்தின் பக்கவாட்டில் இருக்கிறது. நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு அதற்குப் பயிற்சியே கிடைப்பதில்லை. அது சோர்ந்தால் அடிமுதுகுத் தசைகள் அந்த வேலையையும் இழுத்துப்போட்டுக்கொள்கின்றன.

ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரென்டலென்பெர்க் 1895-ல் சொன்ன சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று ஒரு காலைத் தூக்குங்கள். தூக்கிய பக்கத்து இடுப்பு கீழே சரிந்தால், ஊன்றிய பக்கத்துத் தசைக்குப் பலம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நீட்டித் தூக்குவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, பக்கவாட்டு பிளாங்க், படிக்கட்டில் ஒரு காலால் மெல்ல இறங்குவது: இவற்றை வாரம் மூன்று நாள் செய்யுங்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். பலரும் இரண்டாவது வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

ஓடும் பாதையையும் பாருங்கள். மழைநீர் வடிய நம் சாலைகளின் ஓரம் சரிவாகத்தான் போடப்படுகிறது. தினமும் ஒரே ஓரத்தில் ஓடினால், சமமான கால்களும் ஏற்றத்தாழ்வாகத்தான் ஊன்றும். மைதானமோ பூங்காவோ கிடைத்தால் அங்கே ஓடுங்கள், சுற்றும் திசையை அவ்வப்போது மாற்றுங்கள். எட்டி வைக்கும் அடியைக் கொஞ்சம் குறுக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டினாலே இடுப்பிலும் முழங்காலிலும் இறங்கும் சுமை குறைகிறது.

கால்நீள வித்தியாசம் 2 சென்டிமீட்டரைத் தொட்டால் எலும்பு மருத்துவர் அளந்து பார்க்கட்டும். கால் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் தொய்வது, படுத்தாலும் தீராத இரவு வலி, காய்ச்சலோடு முதுகுவலி ஆகியவற்றுக்கு உடற்பயிற்சி மருந்தல்ல. மாதவிலக்கு நின்றுபோன, உணவைக் குறைத்து ஓடும் பெண்ணுக்குத் திரிக எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகும், எம்.ஆர்.ஐ. தேவைப்படும். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ காலைவரை காத்திருக்க வேண்டாம். அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.