வண்டியை எடுங்க… இது யார் இடம்?

இரவு எட்டு மணிக்கு மேல் சென்னைப் புறநகரின் எந்தக் குறுக்குத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரே காட்சிதான். வீட்டு வாசல்களில் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, மண் நிரப்பிய பெயின்ட் டப்பா, சிமென்ட் பூந்தொட்டி, கயிறு கட்டிய இரண்டு செங்கல். கேட்டில் ஒரு பலகை: ‘இங்கே வண்டி நிறுத்தினால் காற்று இறக்கப்படும்.’ இத்தனையும் சொல்ல வருவது, ‘இந்த இடம் எங்களுடையது’ என்பதைத்தான். அப்படிச் சொல்பவர்களில் எத்தனை பேர் தங்கள் பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியை ஒரு தடவையாவது வரி விடாமல் படித்திருப்பார்கள்?

தாம்பரத்தை அடுத்த ஒரு பகுதியில் ஒன்றரை ஆண்டாக நடந்துவரும் சண்டையை எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு அடி அகலச் சந்து. உள்ளே நான்கு வீடுகள். முதல் வீட்டுக்காரர் இன்னோவா வாங்கினார். அந்த வண்டியின் அகலமே ஆறு அடி. கண்ணாடியையும் சேர்த்தால் இன்னும் கூடும். சுவரை ஒட்டி நிறுத்தினாலும் மிச்சமிருக்கும் இடத்தில் இன்னொரு கார் நுழையாது. “தம்பி, வண்டியை உள்ளே விட்டுக்கோங்க. ராத்திரி ஆஸ்பத்திரிக்குன்னு ஒரு ஆட்டோ வந்தாக்கூட வழி இல்லை” என்றார் கடைசி வீட்டுப் பெரியவர். “அண்ணே, என் வீட்டு வாசல்லதானே நிக்குது, உங்க வாசல்லயா நிறுத்தினேன்?” என்று பதில் வந்தது. அதன்பிறகு பேச்சுவார்த்தை நின்றது, டயரில் ஆணி ஏறியது, கேமரா வந்தது. காவல் நிலையத்தில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, “இது சிவில் விவகாரம்” என்று அனுப்பிவைத்தார்கள்.

தாய்ப் பத்திரம் வெளியே வந்தது அதற்குப் பிறகுதான். அந்தச் சந்து தெருவே அல்ல. 1980-களில் ஒரு விவசாயக் குடும்பம் தன் நிலத்தை நான்கு மனையாக விற்றபோது, பின்மனைகளுக்கு வழி வேண்டும் என்று விட்ட பொதுப்பாதை. நான்கு பத்திரங்களிலும் ‘பொதுப்பாதையில் வழிநடை, வண்டி வாகனப் போக்குவரத்து பாத்தியம்’ என்று எழுதியிருக்கிறது. நிலம் மட்டும் யாருக்கும் விற்கப்படவில்லை. பட்டா இன்றும் காலமாகிவிட்ட பழைய உரிமையாளர் பெயரில் நிற்கிறது. ஒன்றரை ஆண்டாக ‘என் இடம்’, ‘உன் இடம்’ என்று சண்டை போட்ட இருவருக்குமே அந்த மண்ணில் ஓர் அடிகூடச் சொந்தமில்லை. இருவருக்கும் இருப்பது போய்வரும் உரிமை.

போய்வரும் உரிமை நிறுத்திவைக்கும் உரிமையைத் தானாகத் தராது. 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, அடுத்தவர் நிலத்தின் வழியே இருபது ஆண்டு தடையின்றி, வெளிப்படையாக, உரிமையாகவே நடந்து வந்தவர் அந்த வழிக்கு உரிமை கோரலாம். அரசு நிலமாக இருந்தால் முப்பது ஆண்டு. அப்படிக் கிடைப்பதும் வழிதான், நிலம் அல்ல. அதே பாத்தியம் உள்ள இன்னொருவரின் போக்குவரத்தை மறித்து அதைப் பயன்படுத்தவும் முடியாது. இன்னோவாக்காரரின் வாதம் விழுந்தது இந்த இடத்தில்தான். பெரியவரும் இதற்கிடையே தன் வாசலோரம் மூன்றடி அகலத்துக்குச் சாய்தளம் கட்டியிருந்தார். அதுவும் அதே பாதையின் மேல்தான் நிற்கிறது.

பொதுத்தெரு என்றால் கணக்கு வேறு. வருவாய்த் துறைப் பதிவேட்டில் அது ‘சர்க்கார் புறம்போக்கு’. விவரக் கலத்தில் தெரு என்றோ பாட்டை என்றோ எழுதியிருக்கும். பழைய கிராமங்களில் இன்று கார்கள் வரிசை கட்டி நிற்கும் தெருக்கள் பல, ‘வண்டிப்பாட்டை’ என்ற பெயரில்தான் இன்னும் பதிவாகியிருக்கின்றன. அப்படிப்பட்ட தெருவை ஒட்டி வீடு வைத்திருப்பவருக்குத் தன் வீட்டுக்குள் போய்வர உரிமை உண்டு. வாசலுக்கு எதிரே இருக்கும் தார்ச்சாலை அவருக்கு ஒதுக்கப்பட்ட கார் நிறுத்தம் அல்ல. நாற்காலி போட்டு இடம் பிடிப்பதும் கல் நடுவதும் ஆக்கிரமிப்பு. 1905-லேயே இதற்கென நில ஆக்கிரமிப்புச் சட்டம் வந்துவிட்டது. மறுபக்கம், யார் வாசலையோ அடைத்து நிறுத்திவிட்டு, ‘ரோடு பொதுச் சொத்து’ என்று வாதாடுபவருக்கும் சட்டம் துணை நிற்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு இடைஞ்சலாகவோ ஆபத்தாகவோ வண்டியை விட்டுச் செல்வதைத் தடுக்கிறது. பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியை அப்புறப்படுத்த 127-வது பிரிவு இடம் தருகிறது. டயரில் காற்றை இறக்குவதற்கு மட்டும் எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

அடுக்குமாடிகளில் நிலைமை ஓரளவு தெளிந்திருக்கிறது. திறந்த கார் நிறுத்தத்தையும் தூண்தளக் கார் நிறுத்தத்தையும் கட்டுமான நிறுவனம் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று 2010-ல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2016-ன் ரியல் எஸ்டேட் சட்டமும் திறந்தவெளி நிறுத்தத்தைப் பொதுப்பகுதியில் சேர்க்கிறது. அங்கே சண்டைகள் ஓயவில்லை என்றாலும், நிலம் யாருடையது என்ற கேள்விக்கு ‘பிரிபடாத பங்கு’ என்று பத்திரத்திலேயே பதில் இருக்கிறது.

தனி வீட்டுக்காரர்கள்தான் இருட்டில் நிற்கிறார்கள். இத்தனைக்கும் ஒரு துண்டு நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பது இப்போது பழையபடி அலைச்சல் அல்ல. முதலில் சர்வே எண் வேண்டும். தன் பட்டாவில் இருக்கும் எண்ணை வைத்துப் புலப்படத்தை இணையத்தில் எடுத்தால், ஒட்டியிருக்கும் உட்பிரிவுகள் கோடுகளோடு தெரிந்துவிடும். தகராறுக்குரிய துண்டின் எண்ணைக் கொண்டு அ-பதிவேட்டைப் பார்த்தால் அது அரசு புறம்போக்கா, தனியார் பட்டா நிலமா என்பது தெரியும். நகராட்சி, மாநகராட்சிப் பகுதியாக இருந்தால் வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று தேட வேண்டும். அங்கே நகர நில அளவைப் பதிவேடுதான் பேசும். பிறகு அதே எண்ணுக்கு வில்லங்கச் சான்று. பதிவுத் துறைத் தளத்தில் 1975 முதலான பதிவுகளைப் பல ஊர்களுக்குக் கட்டணமில்லாமலே பார்க்க முடிகிறது. அதற்கு முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுத் தேட வேண்டும்.

அந்தப் பழைய பதிவுகளைத் தவிர, இத்தனையும் வீட்டில் உட்கார்ந்தபடி அரை மணி நேரத்தில் முடிகிற வேலை. ஆனால் படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும்.

பத்திரம் அடியில் பேசும். கிரவுண்டு, சென்ட் என்று கணக்கு வைக்கும். பட்டா ஹெக்டேர், ஏர் என்று பேசும். புலப்படத்தில் மீட்டர். பத்திரத்தின் பன்னிரண்டு அடிப் பாதை புலப்படத்தில் 3.66 மீட்டராக இருக்க வேண்டும். மூன்று மீட்டர்தான் என்றால் இரண்டடிக்கு மேல் எங்கோ போயிருக்கிறது என்று பொருள். 1979 முதல் 1987 வரை தமிழகம் முழுக்க நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், சர்வேயர்கள் சொல்வதுபோல யூ.டி.ஆரில், பல ஊர்களில் எண்கள் மாறின. பெயர்கள் மாறி ஏறியதும் உண்டு. பழைய பத்திரத்தில் இருக்கும் எண்ணை வைத்து இன்று தேடினால், சம்பந்தமே இல்லாத வேறொருவரின் தோப்பு வந்து நிற்கும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் இன்னும் சிக்கல். உட்பிரிவு ஆகாத நிலத்தில் பாதை தனிக்கோடாகவே தெரியாது. கைப்பேசி வரைபடத்தில் இடத்தைத் தொட்டு எண் கண்டுபிடிப்பவர்களும் இருக்கிறார்கள். எண் தெரிந்துகொள்ள அது உதவும். சில மீட்டர் தள்ளிக் காட்டக்கூடிய அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஓரடிச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதற்கு எல்லையை அளந்து காட்டக் கோரும் எஃப்-லைன் மனு போட்டு, பக்கத்து வீட்டாருக்கு அறிவிப்பு கொடுத்து, சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தாக வேண்டும்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். பட்டாவில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். வருவாய்ப் பதிவு வரி வசூலுக்கானது, உரிமைக்கு முடிவான சான்று அல்ல என்று உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. பத்திரம் பதிவானதாலும் உரிமை உறுதியாகிவிடாது. எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று, தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை ரத்துசெய்த 2025 ஏப்ரல் தீர்ப்பிலும் அதே நீதிமன்றம் கூறியது. பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதிவாகாத கூர்ச்சீட்டு ஆகியவை வில்லங்கச் சான்றில் தெரியாது. ஆகவே பட்டா, பத்திரம், வில்லங்கம், புலப்படம், தரையில் இருக்கும் கல் ஆகிய ஐந்தும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பதே வழி.

ஐந்தும் சேராமல் போகும் இடங்களில்தான் பெரிய ஆபத்து காத்திருக்கிறது. கார் நிறுத்தச் சண்டை அதன் முதல் அறிகுறி மட்டுமே.

தமிழ்நாட்டில் 1970-களிலிருந்து நகரங்களைச் சுற்றி முளைத்த மனைப்பிரிவுகளை நினைத்துப் பாருங்கள். வயலை வாங்கி, வெள்ளைக் கல் நட்டு, இருபதடிச் சாலை என்று வரைபடத்தில் கோடு போட்டு விற்றார்கள். முறையான அனுமதி பெற்ற பிரிவுகளில் அந்தச் சாலையையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அனுமதி பெறாதவற்றில் அது நடக்கவே இல்லை. மனைகளுக்குப் பட்டா மாறியது, சாலைக்கு மாறவில்லை. தார் போட்டாயிற்று, குழாய் பதித்தாயிற்று, விளக்குக் கம்பமும் நட்டாயிற்று. காகிதத்தில் மட்டும் அது இன்றும் ஒரு தனிமனிதரின் நிலம்.

பன்னிரண்டடி அகலமும் நூறடி நீளமும் உள்ள சந்து என்றால் ஆயிரத்து இருநூறு சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு. புறநகர் விலையில் அது பல லட்சம். முப்பது வருடம் கழித்து வாரிசுகள் பட்டாவை எடுத்துப் பார்க்கிறார்கள். அப்பா பெயரில் நிலம் மிச்சமிருக்கிறது. தெரு என்று தெரிந்தே விற்பவரும் உண்டு, தெரியாமல் விற்பவரும் உண்டு. ஒருநாள் காலையில் வேலி முளைக்கிறது. சாலையைக் காட்டி மனை விற்றவர் பின்னால் அந்தச் சாலையைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது என்று குடியிருப்போர் வாதாடலாம். அந்த வாதம் வலுவானது. 1991-ல் பெங்களூரு வழக்கு ஒன்றில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. பொது ஒதுக்கீட்டை நீதிமன்றங்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் அதை நிரூபிக்க மனைப்பிரிவு வரைபடத்தின் நகலும் தாய்ப் பத்திரமும் கையில் வேண்டும். தெருவில் முதலில் மனை வாங்கிய தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. அவர்களோடு அந்தக் காகிதங்களும் பழைய பெட்டிகளிலிருந்து போய்க்கொண்டிருக்கின்றன.

2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அனுமதியற்ற மனைகளை வரன்முறை செய்ய 2017-ல் விதிகள் வந்தன. பலரும் கட்டணம் கட்டித் தங்கள் மனைக்கு ஆணை வாங்கிக்கொண்டார்கள். வாசலுக்கு முன்னால் இருக்கும் சாலையின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டவர்கள் சொற்பம். இந்த அலட்சியம்தான் பயமுறுத்துகிறது. காரை எங்கே நிறுத்துவது என்பதற்காக அடித்துக்கொள்ளும் தெரு, தெருவே கைவிட்டுப் போகும் நிலைமையைக் கவனிக்காமல் இருக்கிறது.

கார் நிறுத்தத்தையும் நில உரிமையையும் முதலிலேயே முடிச்சுப் போட்டுவிட்ட நாடு ஜப்பான். 1962-ல் வந்த சட்டப்படி அங்கே பெரும்பாலான பகுதிகளில் கார் வாங்குபவர், வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் இருப்பதைக் காவல் நிலையத்தில் காட்ட வேண்டும். இடம் அடுத்தவருடையது என்றால் நில உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் போன்ற ஓர் ஆவணம் கட்டாயம். இங்கே அப்படி ஒரு சட்டம் வந்தால், எத்தனை சந்துகளில் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட உயிருடன் ஓர் ஆள் இருப்பார்?

இடப் பற்றாக்குறைதான் பிரச்சினை, பத்திரத்தைக் கிளறினால் பகை வளரும் என்பவர்களும் இருக்கிறார்கள். தாம்பரம் சந்தில் நடந்தது வேறு. நிலம் இருவருடையதும் அல்ல என்று தெரிந்த வாரத்திலேயே கேமராவின் திசை மாறியது. நான்கு வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பாதையை அளந்து தனி உட்பிரிவாக்க மனு போட்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு பழைய பதிவுகளின் நகல் கேட்டார்கள். சாய்தளத்தின் ஒன்றரை அடி இடிக்கப்பட்டது. இன்னோவா இப்போது பிரதான சாலையில் மாத வாடகைக்கு எடுத்த காலி மனையில் நிற்கிறது. பழைய உரிமையாளரின் மூன்று வாரிசுகளையும் தேடிப் பிடித்து, பாதையை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கச் சம்மதம் வாங்கியிருக்கிறார்கள். இருவர் உள்ளூரில் இருக்கிறார்கள். இளைய மகன் வெளிநாட்டில். அவர் அனுப்பும் அதிகார ஆவணம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். வரைவு போயிருக்கிறது, அவர் கையெழுத்து வந்ததும் பதிவுக்கு நாள் குறிப்பார்கள்.