உங்களுக்குத் தெரியுமா? சாவியைக் காத்து வளர்ந்த காயின்பேஸ்

வங்கியும் தரகரும் குறுக்கே வராமல் ஒருவர் இன்னொருவருக்கு நேரடியாகப் பணம் அனுப்பலாம் என்ற வாக்குறுதியோடு பிறந்தது பிட்காயின். ஆனால் அதை வாங்கவும், விற்கவும், பத்திரமாக வைக்கவும் மக்கள் தேடிப் போனது நம்பிக்கையான ஓர் இடைத்தரகரைத்தான். அமெரிக்காவின் மிகப் பெரிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சான காயின்பேஸ் வளர்ந்தது அந்தத் தேடலால்தான்.

● சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008-இல் வெளியான பிட்காயின் கட்டுரை மொத்தமே 9 பக்கம். பின்னாளில் காயின்பேஸைத் தொடங்கிய பிரையன் ஆம்ஸ்ட்ராங் அதைப் படித்தது 2010 கிறிஸ்துமஸ் விடுமுறையில், கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில், பெற்றோர் வீட்டில் இருந்தபோது. அதற்கு முன் அர்ஜென்டினாவின் புவனஸ் ஐரிஸ் நகரில் ஓராண்டு வாழ்ந்திருக்கிறார். விலைவாசி ஏறிக்கொண்டே போவதையும், கையில் இருக்கும் பணம் கரைவதையும் அங்கே கண்ணெதிரே பார்த்தவர். அந்த அனுபவம் இல்லாதிருந்தால் அந்த 9 பக்கங்கள் அவரை இவ்வளவு தூரம் இழுத்துப் போயிருக்குமா என்பது சந்தேகமே.

● அப்போது ஏர்பிஎன்பி நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஆம்ஸ்ட்ராங், இரவுகளிலும் வார இறுதிகளிலும் உட்கார்ந்து முதல் வடிவத்தை எழுதினார். 2012-இல் ஒய் காம்பினேட்டர் என்ற புகழ்பெற்ற தொழில்முனைவோர் பயிற்சிக் களத்தில் இடம் கிடைத்தது. தொடக்கத்தில் அவர் கொடுத்தது பிட்காயினைச் சேமித்து வைக்கும் வாலட் மட்டும். பதிவு செய்தவர்கள் பலர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏன் என்று அவர்களிடமே விசாரித்தபோது காரணம் தெரிந்தது: வாலட் இருக்கிறது, உள்ளே வைக்கப் பிட்காயின் இல்லை! அதே ஆண்டு அக்டோபரில், வங்கிக் கணக்கிலிருந்தே பிட்காயின் வாங்கும் வசதி வந்தது. அன்று ஒரு பிட்காயினின் விலை சுமார் 12 டாலர். என்னைக் கேட்டால், காயின்பேஸ் உண்மையில் பிறந்தது அந்த 'வாங்கு' பொத்தானோடுதான்.

● இணை நிறுவனர் ஃபிரெட் எர்சம், கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியில் அந்நியச் செலாவணி வர்த்தகராக இருந்தவர். இருவரும் அறிமுகமானது ரெடிட் தளத்தில்.

● உலகின் முதல் பெரிய பிட்காயின் எக்ஸ்சேஞ்ச் அமெரிக்காவில் இல்லை, டோக்கியோவில் இருந்தது. பெயர் மவுன்ட் காக்ஸ். 'மேஜிக்: தி கேதரிங்' என்ற சீட்டு விளையாட்டின் அட்டைகளை வாங்கி விற்பதற்காகப் பதிவு செய்யப்பட்ட இணைய முகவரி அது. 2013 வாக்கில் உலகின் பிட்காயின் வர்த்தகத்தில் பெரும்பகுதி அங்கேதான் நடந்தது. 2014 பிப்ரவரியில் கதவு மூடியது. சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணவில்லை என்றார்கள். பிறகு பழைய வாலட் ஒன்றில் 2,00,000 கிடைத்தன. பணம் போட்டவர்களுக்கு நாணயங்கள் திரும்பிவரத் தொடங்கியது 2024-இல். பத்தாண்டுகள் அவர்கள் பட்ட பாட்டை எந்தக் கணக்கில் எழுதுவது?

அந்த வீழ்ச்சிதான் காயின்பேஸுக்கு ஏறுமுகம். கிரிப்டோவில் பணம் என்பது ஒரு ரகசியச் சாவி, அதாவது நீண்ட எண் ஒன்று. அதை அறிந்தவருக்கே நாணயம் சொந்தம். தொலைத்தால் மீட்டுத் தர மேலாளர் கிடையாது, திருடுபோனால் பரிமாற்றத்தை ரத்து செய்ய ஆள் கிடையாது. காயின்பேஸ், வாடிக்கையாளர்களின் நாணயங்களில் சுமார் 98 சதவீதத்துக்கான சாவிகளை இணையத்தோடு தொடர்பே இல்லாத சாதனங்களிலும் காகிதத்திலும் துண்டுதுண்டாகப் பிரித்து, வெவ்வேறு ஊர்களின் பாதுகாப்புப் பெட்டகங்களில் வைத்தது. மற்றவர்கள் வேகத்தையும் நூற்றுக்கணக்கான புது நாணயங்களையும் காட்டி ஆள் சேர்த்தபோது இந்தக் கம்பெனி விற்றது பூட்டை. அதுவே அதன் சாமர்த்தியம் என்று நினைக்கிறேன்.

● 2015 ஜனவரியில் காயின்பேஸ் திரட்டிய 7.5 கோடி டாலரில் நியூயார்க் பங்குச்சந்தையின் பணமும் உண்டு. ஆறாண்டுகள் கழித்துப் பங்குகளைப் பட்டியலிட்டதோ அதன் போட்டியாளரான நாஸ்டாக்கில்!

● 2017 ஜூன் 21. காயின்பேஸ் நடத்திய ஜிடாக்ஸ் சந்தையில் யாரோ ஒருவர் பல மில்லியன் டாலர் மதிப்புள்ள ஈதர் என்ற கிரிப்டோ நாணயங்களை ஒரே மூச்சில் விற்கச் சொன்னார். 317 டாலரில் இருந்த விலை 224-க்கு இறங்கியது. 'விலை இவ்வளவு குறைந்தால் என்னுடையதையும் விற்றுவிடு' என்று முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்த ஸ்டாப் லாஸ் ஆணைகள் வரிசையாக விழித்துக்கொண்டன. கடன் வாங்கி வர்த்தகம் செய்தவர்களின் நாணயங்களும் தானாகவே விற்பனைக்கு வந்தன. ஏறத்தாழ 800 ஆணைகள். விற்க விற்க விலை சரிந்தது, சரியச் சரிய விற்பனை கூடியது. கடைசியில் ஓர் ஈதரின் விலை வெறும் 10 சென்ட்! சற்று நேரத்தில் விலை மீண்டுவிட்டது. ஆனால் விற்றது விற்றதுதானே? மலிவாக வாங்கியவர்களின் லாபத்தில் கை வைக்காமல், நஷ்டப்பட்டவர்களுக்குக் கம்பெனி தன் கைப்பணத்திலிருந்து ஈடு கொடுத்தது. சட்டப்படி அப்படிக் கொடுக்க வேண்டியதில்லை என்று வாதிட இடமிருந்தும் கொடுத்தார்கள். இந்த எக்ஸ்சேஞ்சின் வரலாற்றில் நான் மனதார மெச்சுவது இந்த ஒரு முடிவை.

● 2015-ஆம் ஆண்டுக்கான வரிக் கணக்கில் பிட்காயின் லாபத்தைக் காட்டிய அமெரிக்கர்கள் எத்தனை பேர்? 802! லட்சக்கணக்கானோர் கணக்கு வைத்திருக்கும்போது இது எப்படி என்று அமெரிக்க வருமான வரித்துறை 2016-இல் நீதிமன்றம் போனது. காயின்பேஸின் அமெரிக்க வாடிக்கையாளர்கள் அத்தனை பேரின் விவரத்தையும் கேட்டது. கம்பெனி எதிர்த்து வாதாடியது. ஓராண்டில் 20,000 டாலருக்கு மேல் பரிமாற்றம் செய்தவர்களின் விவரத்தைத் தரும்படி 2017 நவம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது. சுமார் 13,000 பேருக்கு 'உங்கள் விவரம் வரித்துறைக்குப் போகிறது' என்று கடிதம் வந்தது.

● 2021 ஏப்ரல் 14 அன்று காயின்பேஸ் பங்குச்சந்தைக்கு வந்தது. புதுப் பங்கு வெளியிடாமல், ஏற்கெனவே இருந்த பங்குகளை நேரடியாகப் பட்டியலிட்டார்கள். குறிப்பு விலை 250 டாலர், தொடங்கியது 381-இல், முடிந்தது 328.28-இல். அதற்காகத் தாக்கல் செய்த ஆவணத்தில் இரண்டு விசித்திரங்கள் உண்டு. தலைமையகம் என்ற இடத்தில் முகவரி இல்லை. எல்லோரும் அவரவர் இடத்திலிருந்தே வேலை செய்வதால் அப்படி ஓர் அலுவலகமே கிடையாது என்று விளக்கம் கொடுத்தார்கள். நகல் பெறுவோர் பட்டியலில் வழக்கறிஞர்களோடு சதோஷி நகமோட்டோவின் பெயரும் இருந்தது. அவர் யாரென்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது.

அதே ஆவணம் சொல்லும் இன்னொரு செய்தியை முதலீட்டாளர்கள் அடிக்கோடிட்டுப் படித்திருக்க வேண்டும். நிகர வருவாயில் 96 சதவீதத்துக்கும் மேல் வந்தது பரிமாற்றக் கட்டணத்திலிருந்து. மக்கள் ஆவேசமாக வாங்கி விற்கும் வரை வருமானம் பெருகும். அவர்கள் ஓய்ந்தால் வற்றும். நடந்ததும் அதுவே. 2021-இல் 360 கோடி டாலர் லாபம், 2022-இல் சுமார் 260 கோடி டாலர் நஷ்டம். அந்த ஆண்டுக் கடைசியில் பங்கின் விலை 35 டாலர் வாக்கில் நின்றது.

● 2022 பிப்ரவரியில் சூப்பர் பவுல் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின்போது காயின்பேஸின் 60 வினாடி விளம்பரம் ஒன்று ஓடியது. வசனம் கிடையாது, கருப்புத் திரையில் மிதக்கும் க்யூஆர் குறியீடு மட்டும். ஒரே நிமிடத்தில் 2 கோடிக்கும் மேற்பட்ட வருகைகள், தளம் தள்ளாடியது. நான்கே மாதத்தில் ஊழியர்களில் 18 சதவீதம் பேர், சுமார் 1,100 பேர், வேலை இழந்தார்கள்.

● தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. 2018 முதல் 2019 வரை காயின்பேஸின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்த பாலாஜி ஸ்ரீனிவாசனின் பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா போனவர்கள். இன்னொரு தொடர்பு ஒரு தீர்ப்பின் வழியே. கிரிப்டோ நிறுவனங்களுக்கு வங்கிச் சேவை தரக்கூடாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018-இல் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று நீக்கியது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் மன்னார்குடிக்காரரான நீதிபதி வெ. ராமசுப்பிரமணியன்.

தடை போனபின் 2022 ஏப்ரல் 7 அன்று பெங்களூரில் விழா எடுத்து, யுபிஐ மூலம் கிரிப்டோ வாங்கலாம் என்று காயின்பேஸ் அறிவித்தது. எந்தக் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சும் யுபிஐ பயன்படுத்துவதாகத் தங்களுக்குத் தெரியாது என்று யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அன்றே அறிக்கை விட்டது. சில நாட்களில் அந்த வசதி நின்றது. ரிசர்வ் வங்கியிடமிருந்து வந்த முறைசாரா அழுத்தமே காரணம் என்று ஆம்ஸ்ட்ராங் பிறகு சொன்னார். சட்டம் தடுக்காத ஒன்றை அறிவிப்பே இல்லாமல் நிறுத்துவது வாடிக்கையாளருக்கும் நல்லதல்ல, அரசுக்கும் நல்லதல்ல. கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி என்பது மட்டும் அந்த ஏப்ரல் முதலே நடைமுறையில் இருக்கிறது.

● 2022 மே மாதக் காலாண்டு அறிக்கையில் காயின்பேஸ் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தது. கம்பெனி திவாலானால், அது பாதுகாக்கும் வாடிக்கையாளர்களின் நாணயங்களும் திவால் சொத்தாகக் கருதப்படலாம். வாடிக்கையாளர்கள் ஈடு இல்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்க நேரலாம். பதற்றம் பரவவே, திவாலாகும் ஆபத்து இல்லை என்று ஆம்ஸ்ட்ராங் விளக்கம் கொடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் சரிந்தது எஃப்டிஎக்ஸ் என்ற வேறொரு எக்ஸ்சேஞ்ச். அதன் வாடிக்கையாளர்கள் அந்த வரிசையில் நிஜமாகவே நின்றார்கள். எக்ஸ்சேஞ்சில் பணம் வைத்திருக்கும் எவரும், அது எந்தக் கம்பெனியாக இருந்தாலும், விதிமுறைகளில் இந்தப் பகுதியைத் தேடிப் படியுங்கள்.

● 2023 ஜூன் 6 அன்று, பதிவு செய்யாமல் பங்குச்சந்தை நடத்துவதாக அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் காயின்பேஸ் மீது வழக்குப் போட்டது. வழக்கு நடக்கும்போதே, 2024 ஜனவரியில் அதே ஆணையம் பங்குச்சந்தையில் வாங்கி விற்கக்கூடிய 11 பிட்காயின் இடிஎஃப் நிதிகளுக்கு அனுமதி கொடுத்தது. அவற்றில் 8 நிதிகள் தங்கள் பிட்காயினைப் பாதுகாக்கத் தேர்ந்தெடுத்தது காயின்பேஸை! வழக்கு 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது.

● 2025 மே 19 அன்று, அமெரிக்காவின் 500 முன்னணி நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி குறியீட்டில் காயின்பேஸ் சேர்ந்தது. இடத்தைக் காலி செய்தது டிஸ்கவர் என்ற பழைய கிரெடிட் கார்டு நிறுவனம். நான்கு நாள் முன்புதான் வேறொரு செய்தி வெளியாகியிருந்தது. வெளிநாட்டில் வாடிக்கையாளர் சேவைப் பணியில் இருந்த சிலருக்கு லஞ்சம் கொடுத்து, 69,461 பேரின் பெயர், முகவரி, அடையாள அட்டைப் படங்கள் போன்றவற்றை ஒரு கும்பல் எடுத்துவிட்டது. வாயை மூட 2 கோடி டாலர் கேட்டது. கம்பெனி மறுத்தது. கும்பலைப் பிடிக்கத் துப்புக் கொடுப்பவருக்கு அதே 2 கோடி டாலர் பரிசு என்று அறிவித்து, ஏமாந்து பணம் அனுப்பிய வாடிக்கையாளர்களுக்கு ஈடு தருவதாகவும் சொன்னது. பெட்டகத்தில் இருந்த சாவிகள் எதுவும் களவு போகவில்லை.