பசுமை வேறு, பொதுவெளி வேறு

இரத்தினபுரி மாவட்டத்தின் கலவானை போன்ற தூரப் பிரதேசங்களிலிருந்து கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா வரும் மாணவர்கள் இளைப்பாறும் இடங்களுள் விகாரமகாதேவி பூங்காவும் ஒன்றாகும். பஸ்ஸை விட்டிறங்கியதும் சோற்றுப் பொதியை அவிழ்க்கவும், ஓடி விளையாடவும் அதைவிட வசதியான இடம் நகரின் மத்தியில் இல்லை. 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய நூதனசாலையும், கொழும்புப் பொது நூலகமும் அருகிலேயே இருப்பதால் ஒரே நாளில் மூன்றையும் கண்டு திரும்பலாம்.

கறுவாத்தோட்டத்தில் நகர மண்டபத்துக்கு எதிரே பரந்து கிடக்கும் இப்பூங்கா, கொடைவள்ளல் சாள்ஸ் ஹென்றி டி சொய்சா வழங்கிய காணியில் அமைந்தது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் விக்டோரியா மகாராணியின் பெயரைத் தாங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது படையினர் இங்கு முகாமிட்டனர். போருக்குப் பின் சீரமைக்கப்பட்டு 1951இல் பொதுமக்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. பின்னரே துட்டகைமுனு மன்னனின் தாயாரது பெயர் சூட்டப்பட்டது. பொதுநிலம் ஒருமுறை கைமாறினால் மீள்வதற்குக் காலம் செல்லும் என்பதற்கு இவ்வரலாறே சான்றாகும்.

காலிமுகத்திடலின் கதையும் சிந்திக்கத்தக்கது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1859இல் அதன் உலாவீதியைப் பூர்த்தி செய்தபோது, கொழும்பு வாழ் பெண்களினதும் சிறுவர்களினதும் நலன் கருதி அதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கொள்ளும் கல்வெட்டொன்றை நாட்டினார். இன்று அங்கே பெருநாள் தொழுகைக்கு முஸ்லிம் மக்கள் அணிவகுக்கின்றனர்; மாலையில் சகல இனத்தவரும் பட்டம் விடுகின்றனர். 2022இல் நாட்டு மக்கள் தமது குரலை எழுப்பக் கூடியதும் அத்திடலிலேதான். எவரையும் "நீ யார்?" என்று வினவாத நிலம் ஒரு நகருக்கு எத்துணை அவசியம் என்பதை இவை உணர்த்துகின்றன.

சுற்றுலா முடிந்து ஊர் திரும்பும் தோட்டப்புறச் சிறுவனின் நிலை என்ன? கலவானையில் பசுமைக்குப் பஞ்சமில்லை. 1988இல் உலக மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தப்பட்ட சிங்கராஜ வனத்தின் வாயிலே அப்பிரதேசம்தான். ஆயினும் பசுமை வேறு, பொதுவெளி வேறு. தேயிலை மலை, பெற்றோர் கொழுந்து பறிக்கும் வேலைத்தலம். இறப்பர் காடும் அவ்வாறே. வனமோ, அனுமதிச் சீட்டுப் பெற்று நுழைய வேண்டிய காப்பகம். எஞ்சியிருப்பது லயன் அறைகளுக்கு முன்னாலுள்ள குறுகிய வாசல் மாத்திரமே. முதியவர் ஒருவர் அமர்ந்து பேச ஒரு வாங்கும் இல்லை. சிறுமி ஒருத்தி ஆட ஓர் ஊஞ்சலும் இல்லை.

பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணியாற்ற நெடுங்காலம் சட்டமே தடையாக இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, வரி செலுத்தியும் வாக்களித்தும் வந்த தோட்ட மக்கள் புறக்கணிக்கப்பட்டனர். அப்பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. எனவே, சட்டத்தில் இடமில்லை என்ற பழைய பதில் இனியும் பொருந்தாது. தோட்ட நிர்வாகம் ஒரு துண்டு நிலத்தை விடுவிக்க, பிரதேச சபை அதனைச் சமப்படுத்தி, நிழல்மரம் நட்டு, நான்கு வாங்குகளையும் ஓர் ஊஞ்சலையும் அமைப்பது பெருஞ்செலவான காரியமன்று.

சிங்கராஜ வனத்தில் 1970களில் இயந்திரங்கள் மரங்களைச் சாய்த்தபோது எழுந்த மக்கள் எதிர்ப்பினாலேயே 1977இல் அந்நடவடிக்கை கைவிடப்பட்டது. காட்டைக் காப்பதற்கு எழுந்தது போன்றதொரு குரல், அதன் அருகே வளரும் பிள்ளைகளின் விளையாட்டு நிலத்துக்காகவும் எழ வேண்டும். கொழும்புப் பூங்காவில் ஆண்டுக்கொரு முறை கிடைக்கும் ஒரு மணி நேர மகிழ்ச்சி, அப்பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மாலையும் தம் ஊரிலேயே கிட்டுவதே நியாயமாகும்.