கையெழுத்து நம்முடையது, அதிகாரம் யாருடையது?
பள்ளி மேலாண்மையும் ஆசிரியர் பணியும்: வடசென்னையிலிருந்து சில கேள்விகள்



நினைவுச் சொற்பொழிவு என்றால் நாம் பெரும்பாலும் கவிதை, நாவல், வரலாறு பற்றித்தான் பேசுவோம். இந்த ஆண்டு பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம் குடும்பங்களில் எழுத்துக் கற்ற முதல் தலைமுறை மாநகராட்சிப் பள்ளியிலோ, நலத்துறைப் பள்ளியிலோ, மிஷன் நடத்திய உதவிபெறும் பள்ளியிலோ படித்தவர்கள்தான். தலித் எழுத்தாளரும் வந்தது அங்கிருந்துதான், அவரைப் படிக்கும் வாசகரும் வந்தது அங்கிருந்துதான். அந்த வகுப்பறையில் ஆசிரியர் இல்லாமல் போவது நம் இலக்கியத்தையும் தொடும் விஷயம்.

பெற்றோர் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஆடி மாசம் வந்த டீச்சர் பங்குனியோட போயிட்டாங்க. அடுத்த வருஷம் யாரு?” தலைமை ஆசிரியரைக் கேட்டால் கல்வி அலுவலரைக் காட்டுகிறார். கல்வி அலுவலர் மேலிடத்தைக் காட்டுகிறார். மேலிடம் ஒன்றிய அரசின் நிதியைக் காட்டுகிறது. கடைசியில் கோபம் முழுவதும் அந்த ஏழை ஆசிரியர் மீதோ, மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கும் பக்கத்து வீட்டு அக்கா மீதோ போய் விழுகிறது. கோபம் நியாயமானது. அது சரியான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால், பள்ளியில் எந்த முடிவை யார் எடுக்கிறார்கள் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் கொடுத்த நாற்காலி

2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த, ஒடுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் விகிதத்துக்கு ஏற்ப இடம். தமிழ்நாட்டில் 2022-இல் பெரிய அளவில் பிரச்சாரம் செய்து 20 பேர் கொண்ட குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். தலைவர் பொறுப்பு ஒரு தாய்க்கு. மீன் ஏலத்துக்கு விடியற்காலையில் போய்வரும் பெண்ணும், தூய்மைப் பணிக்குப் போகும் பெண்ணும் தலைமை ஆசிரியருக்குச் சமமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

ஆனால் அந்த நாற்காலி எல்லாப் பள்ளியிலும் ஒரே உயரத்தில் இல்லை. 2012-இல் வந்த சட்டத் திருத்தம், உதவிபெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் பள்ளிகளிலும் குழுவை ஆலோசனை சொல்லும் அமைப்பாக மட்டும் ஆக்கிவிட்டது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு 21-ஆம் பிரிவே பொருந்தாது. 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் வாயு நெடியால் மாணவர்களுக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டு, முப்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டனர். நவம்பர் 4-இல் பள்ளியைத் திறந்தபோது மறுபடியும் மாணவர்கள் மயங்கினார்கள். பெற்றோர் வாசலில் திரண்டு நின்று கத்த வேண்டியிருந்தது. கட்டணம் கட்டுகிறவருக்கும் கேள்வி கேட்கச் சட்டப்படியான நாற்காலி உள்ளே இல்லை.

ஆசிரியர் பணியிடம் எப்படிக் காணாமல் போகிறது

மூன்று வழிகளில் போகிறது. பெற்றோருக்கு மூன்றுமே தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வழி பணியாளர் நிர்ணயம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்று உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்து எத்தனை ஆசிரியர் என்று கணக்குப் போடுகிறார்கள். சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 ஆசிரியர். இப்போது எண்ணூரில் 61 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியை நினைத்துப் பாருங்கள். ஆலை வேலை போய் ஒரு குடும்பம் ஊர் மாறுகிறது. பிள்ளைகள் 60 ஆகிறார்கள். மூன்றாவது ஆசிரியர் ‘உபரி’ ஆகிறார். பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போகிறார். ஐந்து வகுப்புகள் அப்படியே இருக்கின்றன, ஆசிரியர் இருவர். இதைப் பார்க்கும் பெற்றோர் அடுத்த ஆண்டு இன்னும் பத்துப் பிள்ளைகளைத் தனியாருக்கு மாற்றுகிறார்கள். எண்ணிக்கை குறைந்ததால் ஆசிரியர் போனார், ஆசிரியர் போனதால் எண்ணிக்கை இன்னும் குறைந்தது. கரையோரக் குடிசைகளை அகற்றி மக்களை நகரத்தின் மறுகோடிக்கு அனுப்பும்போதும் பழைய இடத்துப் பள்ளியில் இதுதான் நடக்கிறது. ஏட்டில் இது பணிநீக்கம் இல்லை. வகுப்பறையில் இருக்கும் குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இரண்டாம் வழி தற்காலிக நியமனம். 2022-இல் தமிழ்நாட்டில் 13,331 காலியிடங்களை மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப உத்தரவு வந்தது. இடைநிலை ஆசிரியர் 4,989, பட்டதாரி ஆசிரியர் 5,154, முதுகலை ஆசிரியர் 3,188. தொகுப்பூதியம் முறையே 7,500, 10,000, 12,000 ரூபாய். அதே இடைநிலை ஆசிரியர் நிரந்தரமாக வந்திருந்தால் அடிப்படைச் சம்பளம் மட்டும் 20,600 ரூபாய். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை முதலில் இடைக்காலத் தடை விதித்தது, பிறகு நிபந்தனைகளோடு நியமனம் நடந்தது. தொகுப்பூதியம் பின்னர் உயர்த்தப்பட்டது. ஆனால் கல்வியாண்டோடு வேலை முடிந்துவிடும் என்ற ஏற்பாடு மாறவில்லை.

இங்கே இன்னொன்றும் நடக்கிறது. முறையான தேர்வில் 200 புள்ளி இனச்சுழற்சி உண்டு. பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம். ஒவ்வொரு பள்ளியிலும் ஓரிடம், ஈரிடம் என்று உதிரியாக நிரப்பும்போது இந்தச் சுழற்சிக்கு இடமே இல்லாமல் போகிறது. ஆகவே நிரந்தர இடம் ஒன்று தற்காலிகமாகும்போது நம் பிள்ளைக்கு ஆசிரியர் போகிறார், பி.எட். முடித்துக் காத்திருக்கும் நம் வீட்டுப் பெண்ணுக்கு வேலையும் போகிறது. அந்தப் பெண்ணே 10 மாதத்துக்குத் தற்காலிக ஆசிரியராக வந்தால், ஏப்ரலில் அவரை அனுப்பும் தாளில் கையெழுத்துப் போடுவதும் அவர் தெருவிலிருந்து வந்த குழுத் தலைவிதான். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 5,000 ரூபாயில் நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களின் கதையும் நமக்குத் தெரியும். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடாத ஆண்டு இல்லை.

மூன்றாம் வழி நிதி. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,000 கோடிக்கும் மேற்பட்ட தொகையை, பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்ற காரணத்தால் ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தேசியக் கல்விக் கொள்கை பற்றிய இரு அரசுகளின் சண்டையில் மாதச் சம்பளம் தடுமாறியது சிறப்புப் பயிற்றுநர்களுக்கும் திட்டப் பணியாளர்களுக்கும். 25 சதவீத இடஒதுக்கீட்டுச் சேர்க்கை தள்ளிப்போனது ஏழைக் குழந்தைகளுக்கு.

நியூ ஆர்லியன்ஸ் சொல்லும் பாடம்

அமெரிக்காவில் ‘சார்ட்டர் பள்ளி’ என்று ஒரு முறை உண்டு. பணம் அரசுடையது, பள்ளியை நடத்துவது தனி வாரியம். 1991-இல் மின்னசோட்டா மாநிலத்தில் முதல் சட்டம் வந்தது. அதன் முழு உருவத்தைப் பார்க்க நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்குப் போக வேண்டும். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அடித்தது. பெரும்பாலான பள்ளிகளை மாநில அரசு எடுத்துக்கொண்டது. 7,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்களும் பணியாளர்களும் வேலையிழந்தனர். அந்நகரின் ஆசிரியர்களில் பத்துக்கு ஏழு பேர் கறுப்பினத்தவராக இருந்தனர். புதிய வாரியங்கள் வெளியிலிருந்து இளம் ஆசிரியர்களைக் குறைந்த காலத்துக்குக் கொண்டுவந்தன, கறுப்பின ஆசிரியர் விகிதம் ஏறக்குறைய பத்துக்கு ஐந்தாகச் சரிந்தது. தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்தன என்று ஆய்வுகள் சொல்கின்றன, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த கல்வி வாரியத்திடம் கேட்ட கேள்வியை, நியமன வாரியத்திடம் கேட்கப் பெற்றோருக்கு வழியில்லாமல் போனது. 2019 வாக்கில் அநேகமாக எல்லாப் பள்ளிகளும் இப்படி மாறிய அந்நகரில், 2024-இல் கல்வி வாரியமே நேரடியாக ஒரு பள்ளியைத் திறக்க வேண்டி வந்தது.

இங்கே அப்படி ஒரு புயல் தேவைப்படவில்லை. காலியிடத்தைக் காலியாகவே வைத்திருந்தால் போதும்.

உள்ளூர் அதிகாரம் தானாக நன்மை தருமா?

‘அதிகாரத்தைப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும்’ என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். அண்ணல் அம்பேத்கர் 1928-இல் பஹிஷ்கிரித் ஹிதகாரிணி சபா சார்பில் சைமன் கமிஷனிடம் கொடுத்த அறிக்கையை அவர்கள் படிக்க வேண்டும். தொடக்கக் கல்வியை உள்ளூர்ப் பள்ளி வாரியங்களிடம் ஒப்படைப்பதை நிறுத்தாவிட்டால் ஒடுக்கப்பட்டோர் கல்வி பின்னடையும் என்று அதில் அவர் வாதிட்டார். வாரியத்தில் உட்காருவது யார் என்பதுதான் அவர் கேள்வி. ஊரில் ஆதிக்கம் யாரிடமோ, வாரியமும் அவர்களிடம்தான் இருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதற்காக மேலிடத்திடம் அதிகாரம் இருந்தால் நமக்குப் பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. 1920-களில் தொழிலாளர் துறை நமக்காகத் தொடங்கிய பள்ளிகளின் வாரிசுதான் இன்றைய ஆதி திராவிடர் நலப் பள்ளிகள். 2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அவற்றைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைப்பதாக அறிவித்தார்கள். ‘சேரிப் பள்ளி’ என்ற முத்திரை போகும் என்று சிலர் வரவேற்றார்கள். தனி நிதியும், தலித் ஆசிரியர்களின் பதவி உயர்வும், நிலமும் போய்விடும் என்று பல அமைப்புகள் எதிர்த்தன. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பள்ளிகளின் பெற்றோரை அறிவிப்புக்கு முன் யாரும் கேட்கவில்லை. நம் பகுதியிலும் அதே கதைதான். திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. இப்படி விரிந்த பகுதிகளின் 139 அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகள் கழித்து மாநகராட்சிக்குக் கைமாறின. எந்தப் பெற்றோரிடம் கருத்துக் கேட்டார்கள்?

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். ஆண்டுக்கணக்காகத் தற்காலிகமாகவே வேலை செய்தவர்களைத் தனியார் நிறுவனத்திடம் தள்ளுவதற்கு எதிரான போராட்டம் அது. நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். அவர்களின் பிள்ளைகள் படிப்பது இதே மாநகராட்சிப் பள்ளிகளில். அம்மாவின் வேலை ஒப்பந்தம், பிள்ளையின் ஆசிரியரும் ஒப்பந்தம். இரண்டும் ஒரே கொள்கையின் விளைவு. ஆகவே பெற்றோரும் ஆசிரியரும் எதிரெதிரே நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

இனி என்ன செய்யலாம்

இருக்கும் சட்டத்தில் நமக்குப் பிடிமானம் உண்டு. 22-ஆம் பிரிவின்படி மேலாண்மைக் குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும். எத்தனை ஆசிரியர் தேவை என்பதை அதில் எழுத வேண்டும். எழுதிய நகலைக் குழு தன்னிடமும் வைத்துக்கொள்ள வேண்டும். 26-ஆம் பிரிவு அரசுப் பள்ளிகளிலும் பெருமளவு அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளிலும் காலியிடம் அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. ஐந்து ஆசிரியர் பணியிடம் உள்ள பள்ளியில் ஓரிடம் காலி என்றாலே அது 20 சதவீதம், சட்ட மீறல். 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், அந்த முடிவு ஏற்புடையதாக இல்லாவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரந்தரம் எத்தனை, தற்காலிகம் எத்தனை, எந்த இனச்சுழற்சி என்ற நான்கு கேள்வியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க 10 ரூபாய் போதும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காசிமேடு முதல் எண்ணூர் வரை ஒவ்வொரு பள்ளிக்கும் இந்த நான்கு கேள்வியோடு இரண்டு பேர் போங்கள். தெருவாரியாக, பள்ளிவாரியாக ஒரு பட்டியல் தயாரிப்போம். குழுக் கூட்டம் நடக்கும் நாளில் அந்தத் தாய்மார்களின் பக்கத்தில் உட்கார்ந்து, கையெழுத்துப் போடும் முன் தாளை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ஆட்சேபம் இருந்தால் அதை அவர்கள் வாயால் சொல்ல, நீங்கள் தீர்மானப் பதிவேட்டில் எழுதுங்கள். பதிவேட்டில் ஏறிய ஆட்சேபத்துக்கு அலுவலகம் பதில் சொல்லியாக வேண்டும்.