நுண்ணளவிலும் கிளைக்கன்களைக் காணும் வழி

செல்களின் வெளிப்பரப்பையும் குருதியில் சுழலும் பெரும்பாலான புரதங்களையும் போர்த்தியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் கிளைக்கன்கள் எனப்படும். ஒருவரது குருதி ஏ வகையா பி வகையா என்பதைத் தீர்மானிப்பது இத்தகைய சங்கிலியின் நுனியிலுள்ள ஒரே ஒரு சர்க்கரை அலகாகும். டிஎன்ஏ துளியளவே கிடைத்தாலும் பிசிஆர் முறையால் அதனைக் கோடிக்கணக்கில் படியெடுக்கலாம். கிளைக்கன்களோ வார்ப்பு எதுவுமின்றி நொதிகளால் படிப்படியாகக் கட்டப்படுபவை என்பதால் அவற்றைப் பெருக்க வழியில்லை. மாதிரியில் இருப்பதைக் கொண்டே ஆய்வை முடிக்க வேண்டியிருப்பதால், கருவியின் உணர்திறன் எதுவரையோ அதுவரையே அறிவும் செல்லும்.

சிட்னியின் மக்வாரி பல்கலைக்கழகத்தில் நிக்கோல் பேக்கரும் அவருடைய குழுவினரும் வளர்த்தெடுத்த முறையில், புரதத்திலிருந்து பிரித்தெடுத்த சங்கிலிகள், நுண்துளைகள் கொண்ட கிராஃபைட் கரி நிரப்பிய மெல்லிய குழாயின் வழியே செலுத்தப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, சங்கிலியின் நுனியிலுள்ள சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரை அடுத்த சர்க்கரையின் மூன்றாம் கார்பனில் இணைந்திருந்தால் பறவை ஃபுளூ வைரஸும், ஆறாம் கார்பனில் இணைந்திருந்தால் மனித ஃபுளூ வைரஸும் அதனை விரும்பிப் பற்றுகின்றன. நிறையில் இவ்விரு வடிவங்களும் ஒன்றே என்றாலும், கரிக்குழாய் அவற்றை வெவ்வேறு நேரங்களில் வெளிவிடுகிறது.

வெளிவரும் திரவம், மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானியின் வாயிலில் மின்னழுத்தத்தால் நுண்துளிகளாகச் சிதறி உலரும்போது கிளைக்கன்கள் மின்சுமையேற்று அயனிகளாகின்றன. அயனியாகாதவை கருவியின் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. இடர்ப்பாடு இங்கேதான் எழுகிறது. நன்றாகப் பிரிவதற்கு நீர் மிகுந்த திரவம் தேவை. ஆனால் பரப்பு இழுவிசை மிகுந்த நீர் எளிதில் சிதறுவதுமில்லை, விரைவில் உலர்வதுமில்லை. மோர்ட்டன் தைசன்-ஆண்டர்சன் உள்ளிட்ட மக்வாரி ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு, பிரித்தல் முடிந்து திரவம் கரிக்குழாயைக் கடந்த பின்னர், தெளிப்புக்குச் சற்று முன்பாக, கரிமக் கரைப்பானை அதனுடன் கலந்தால் உணர்திறன் உயர்வதைக் காட்டியது. பிரித்தலுக்கு ஒரு திரவமும் தெளிப்புக்கு வேறொரு திரவமும் எனத் தேவைகளை இடத்தால் பகுத்த இந்தச் சிந்தனை, விலையுயர்ந்த புதிய கருவியை நாடாமல், இருக்கும் கருவியின் திறனையே கூட்டியது என்பதால் பெரிதும் போற்றத்தக்கது.

நீர் மிகுந்திருக்கும் தொடக்கக் கட்டத்தில் வெளியேறுபவை பொதுவாகக் குறுஞ்சங்கிலிகளே என்பதால், அவற்றைக் காண்பதற்கு இந்தக் கலப்பு குறிப்பாக உதவும். நோய்த்தொற்றுள்ளோரின் சளியில், நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் மனோஸ் சர்க்கரை கொண்ட இத்தகைய குறுஞ்சங்கிலிகளைத் தாங்கிய புரதங்களைச் சுரப்பதை 2015இல் வெளிப்படுத்தியதும் தைசன்-ஆண்டர்சனின் குழுவே.